விழித்திரையின் துணைச் செல்களும் நொதிகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 68. விழித்திரையின் மையப் பகுதியான மாகுலாவில் உலர் வகைச் சிதைவு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாரமாக வலக்கண்ணுக்குக் கதவின் விளிம்பு வளைந்து தெரிகிறது. நொதிகளைச் சரிசெய்யும் மருந்து வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். இந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டதே இதைச் சொல்வதற்காகத்தான். நேர்க்கோடு புதிதாக வளைந்து தெரிவது, உலர் வகை ஈர வகையாக மாறி, விழித்திரைக்கு அடியில் முளைத்த புதிய இரத்தக் குழாய்கள் கசிவதன் அறிகுறியாக இருக்கலாம். ஈர வகைக்குக் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்துகள் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன. தழும்பு விழுவதற்கு முன் தொடங்கினால்தான் அவற்றின் முழுப் பலன் கிடைக்கும். இன்றே விழித்திரை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பரிசோதனை அறிக்கையில் 'நிறமி எபிதீலியத்தில் மாற்றம்' என்று எழுதியிருக்கிறார்கள். அது என்ன? நொதிகள் அங்கே என்ன செய்கின்றன?

பதில்: ஒளியை உணரும் செல்களுக்குப் பின்னால் ஒற்றை வரிசையாக அமைந்துள்ள செல்களே நிறமி எபிதீலியம். ஒளியுணர் செல் ஒவ்வொன்றும் தன் வெளிப்பகுதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை நாள்தோறும் உதிர்க்கிறது. உதிர்ந்ததை விழுங்கிச் செரிப்பது இந்த அடுக்கின் வேலை. செரிமானம் செல்லுக்குள் இருக்கும் லைசோசோம் எனும் பைகளில் நடக்கிறது. அங்குள்ள கெதெப்சின் டி போன்ற நொதிகள் அமிலச் சூழலில் மட்டுமே ஒழுங்காக இயங்கும். இந்தச் செல்கள் முதிர்ந்த கண்ணில் பொதுவாகப் பிரிந்து பெருகுவதில்லை என்பதால், பிறந்தபோது கிடைத்த செல்லே எண்பது ஆண்டுகளுக்கும் இந்த வேலையைச் செய்தாக வேண்டும். முழுமையாகச் செரிக்காமல் எஞ்சுவது லிப்போஃபசின் என்ற மஞ்சள் நிறக் கழிவாகத் தேங்குகிறது. அதிலுள்ள சில சேர்மங்கள் லைசோசோமின் அமிலத்தன்மையைக் குறைத்து, செரிமானத்தை மேலும் மந்தமாக்குவதை வளர்ப்புச் செல்களில் கண்டிருக்கிறார்கள். தேக்கமே அடுத்த தேக்கத்துக்கு வழிவிடுகிறது என்பதுதான் இந்த நோயில் என்னை மிகவும் கவலைப்படுத்தும் அம்சம்.

இதே செல்கள், தமக்கு அடியிலுள்ள புரூக் படலத்தைப் புதுப்பிக்கும் நொதிகளையும், அந்நொதிகளை அடக்கும் டிம்ப்-3 என்ற புரதத்தையும் சுரக்கின்றன. டிம்ப்-3 மரபணுவில் பிழை நேர்ந்தவர்களுக்குப் படலம் தடித்து, நடுவயதிலேயே மையப் பார்வை பறிபோகும் சோர்ஸ்பி நோய் வருகிறது. முதுமையில் பலருக்கு மெதுவாக நடப்பதன் விரைவான வடிவமாக இந்த அரிய நோயைப் பார்க்கலாம்.

கேள்வி: நொதி குறைவதால் நோய் வருகிறதா, நோய் வந்ததால் நொதி குறைகிறதா?

பதில்: ஆய்வாளர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. தானமாகப் பெற்ற கண்ணில் ஒரு நொதி குறைந்திருப்பதை அளந்துவிடலாம். சாகும் தறுவாயிலிருக்கும் செல்லில் எல்லாமே குறையும் என்பதால், அந்த அளவீடு மட்டுமே காரணத்தை நிறுவிவிடாது. டைசர்-1 நொதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உலர் வகையின் முற்றிய நிலையில் நிறமி எபிதீலியத்தில் இந்நொதி குறைந்திருப்பதாக 2011-இல் வெளியான ஆய்வு, அத்தோடு நின்றுவிடவில்லை. எலியின் அதே செல்களில் நொதியை நீக்கியபோது செல்கள் சிதைந்தன. நொதி சிதைக்க வேண்டிய, மரபுத்தொகுதியில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளிலிருந்து உருவாகும் ஆலு ஆர்.என்.ஏ. துண்டுகள் தேங்கி நஞ்சாயின; அவற்றைத் தடுத்தபோது செல்கள் காப்பாற்றப்பட்டன. நீக்கினால் நோய், நஞ்சைத் தடுத்தால் மீட்சி என்ற இரண்டும் சேர்ந்ததால்தான் அந்த வாதத்துக்கு வலு கிடைத்தது.

புரதங்களை வெட்டும் ஹெச்.டி.ஆர்.ஏ-1 நொதியின் நிலை வேறு. 10-ஆம் குரோமோசோமில் இதன் மரபணு அமைந்த பகுதியிலுள்ள மாறுபாடுகள் நோயபாயத்தை வெகுவாக உயர்த்துகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அண்டையிலுள்ள ஏ.ஆர்.எம்.எஸ்-2 மரபணுவின் மாறுபாடும் அதோடு சேர்ந்தே மரபில் கடத்தப்படுவதால், குற்றவாளி எது என்ற விவாதம் நீடிக்கிறது. இந்த நொதி மிகுவதால் கேடா, குறைவதால் கேடா என்பதிலும் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆகவே, 'மாகுலா சிதைவுக்குக் காரணமான நொதி கண்டுபிடிப்பு' என்ற தலைப்பைப் படிக்கும்போது, நொதியை மாற்றிப் பார்த்தார்களா, அளந்து மட்டும் பார்த்தார்களா என்று தேடுங்கள்.

கேள்வி: நொதி மாத்திரைகளை உட்கொண்டால் பயன் உண்டா?

பதில்: இல்லை. வாய்வழி உட்கொள்ளும் நொதி செரிமானப் பாதையிலேயே பெரும்பாலும் சிதைந்துவிடும். விழித்திரையை அது சென்றடையாது. இடைநிலை நோய் உள்ளவர்களுக்குச் சான்றுள்ள கூட்டு மாத்திரை ஒன்று உண்டு: வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 அலகு, துத்தநாகம், தாமிரம், லூட்டீன் 10 மில்லிகிராம், ஸியாஸாந்தின் 2 மில்லிகிராம். முற்றிய நிலைக்குச் செல்லும் வாய்ப்பை இவ்வகைக் கூட்டு ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ கால்பங்கு குறைப்பதாக 2001-இல் வெளியான, ஏரெட்ஸ் எனும் பெரிய அமெரிக்க மருத்துவ ஆய்வு காட்டியது. 2013-இன் இரண்டாம் ஆய்வுக்குப் பின், புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பீட்டா கரோட்டின் நீக்கப்பட்டு, லூட்டீனும் ஸியாஸாந்தினும் சேர்க்கப்பட்டன. நோயே இல்லாதவர்களுக்கு இதனால் பயன் நிறுவப்படவில்லை.

கேள்வி: ஆர்.பி.இ-65 நொதிக்கு மரபணுச் சிகிச்சை இருப்பதாக அறிந்தேன். என் தந்தையின் மாகுலா சிதைவுக்கு அது உதவுமா?

பதில்: உதவாது. ஒளியை உணரத் தேவையான வைட்டமின் ஏ வடிவத்தை மீண்டும் உருவாக்கும் நொதி இது. 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அச்சிகிச்சை, இந்நொதிக்கான மரபணுவின் இரு பிரதிகளும் பழுதாகிப் பிறந்தவர்களுக்கானது. உங்கள் தந்தைக்கு அந்த நொதி இயங்கிக்கொண்டுதான் இருக்கும். சொல்லப்போனால், முதுமைச் சிதைவில் லிப்போஃபசின் தேக்கத்தைக் குறைக்கும் நோக்கில் அதே நொதியை அடக்கிப் பார்த்தார்கள். எமிக்சுஸ்டாட் என்ற அந்த மருந்து சிதைவின் பரவலைத் தடுக்கவில்லை.

கேள்வி: முல்லர் செல்களுக்கும் இதில் பங்கு உண்டா?

பதில்: உண்டு. விழித்திரையின் தடிமன் முழுவதும் ஊடுருவி நிற்கும் இத்துணைச் செல்கள், குளூட்டமின் சிந்தேஸ் நொதியால் நரம்புச் செல்களிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட் மிகையாகும்போது அதைத் தீங்கற்றதாக்குகின்றன. மாகுலாவைத் தாக்கும் மாகுலர் டெலாஞ்சியெக்டேசியா 2-ஆம் வகை என்ற அரிய நோயில் இவையே பெரிதும் பாதிக்கப்படுகின்றன. அந்நோயாளிகள் பலரிடம் செரின் அமினோ அமிலம் குறைந்திருக்கிறது. அப்போது கொழுப்பைத் தொகுக்கும் ஒரு நொதி செரினுக்குப் பதிலாக அலனினைப் பிடித்துக்கொண்டு நச்சுக் கொழுப்பை உண்டாக்குகிறது. இங்கே நொதியில் குறையில்லாவிட்டாலும் அதற்குக் கிடைக்கும் மூலப்பொருள் மாறிப்போவதே கேடாகிவிடுகிறது.