பெருந்தொற்று இல்லாத நாளில் என்ன வேலை?

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். 'பொதுச் சுகாதாரச் சட்டம்தான் என் துறை' என்று திடீரென்று ஒருநாள் சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டால் கொரோனா காலத்தைச் சொல்கிறாள். உங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசி வரியில் எழுதியிருந்தீர்களே, 'அடுத்த பெருந்தொற்று வரும்வரை இவள் சும்மா உட்கார்ந்திருப்பாளா?' என்று, அங்கிருந்தே தொடங்குகிறேன். பலர் என்னிடம் கேட்கத் தவறும் கேள்வி அது.

இந்த வேலையில் முக்கால்வாசி, தொற்று இல்லாத நாளில்தான் நடக்கிறது. வந்த பிறகு சட்டப் புத்தகத்தைத் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தைப் பாருங்கள். 2020 மார்ச் 26 முதல் எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டும் என்று அந்த அரசு மக்களுக்குச் சொன்னது. மக்களும் கேட்டார்கள். ஆனால் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று சட்டப்படி கட்டாயப்படுத்தும் உத்தரவு ஏப்ரல் 3 அன்றுதான் வெளிவந்தது. இடையில் ஒன்பது நாள். அதே ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கட்டுப்பாடு தேவையானதுதான், நியாயமானதுதான், ஆனால் அந்த ஒன்பது நாளும் அதற்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை. வழக்குப் போட்டவர் முன்பு அரசுக்குச் சட்டம் வரைந்து கொடுக்கும் வேலையில் இருந்தவர் என்பதில் எனக்கு ஒரு சின்ன வேடிக்கை. ஓட்டை எங்கே இருக்கும் என்று அப்படிப்பட்டவருக்குத்தானே தெரியும்!

அந்த ஒன்பது நாள் ஓட்டையை முன்கூட்டியே பார்த்து அடைப்பதுதான் உங்கள் மகள் சொல்லும் வேலை. 'சட்டத் தயார்நிலை' என்று இதைச் சொல்கிறார்கள். அவசர காலத்தில் யாருக்கு என்ன அதிகாரம், எந்தக் கையெழுத்தில் அது தொடங்கும், எந்தத் தேதியில் முடியும், பாதிக்கப்பட்டவர் யாரிடம் போய் முறையிடுவது என்பதையெல்லாம் நிதானமாக இருக்கும்போதே எழுதி வைப்பது. எழுதினால் மட்டும் போதாது. சுகாதார அதிகாரி, காவல்துறை, மருத்துவமனை நிர்வாகம் என்று அதைக் கையில் எடுக்கப் போகிறவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கவும் வேண்டும். தீயணைப்புப் பயிற்சி மாதிரி, கற்பனையாக ஒரு தொற்றை வைத்துக்கொண்டு அதிகாரிகளை மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஒத்திகை பார்ப்பதும் இதில் சேரும்.

சரி, இது உங்கள் மகளுக்கு ஒத்துவருமா? நான் மாணவர்களிடம் கொடுக்கும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். நானே எழுதிய ஒரு உத்தரவு இது:

'நோய்ப் பரவலைத் தடுக்கும் பொருட்டு, மறு உத்தரவு வரும் வரை அனைவரும் தத்தம் வீட்டிலேயே இருக்க வேண்டும்.'

ஒரே வாக்கியம். பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. இதை மகளிடம் கொடுத்து, பென்சிலால் ஒவ்வொரு சொல்லையும் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 'அனைவரும்' என்றால் இரவுப் பணிக்குப் போகும் செவிலியரும் சேர்த்தியா? பிரசவ வலி வந்தவர்? 'வீடு' என்றால் எது? விடுதியில் இருப்பவருக்கும் நடைபாதையில் படுப்பவருக்கும் எது வீடு? அடிக்கிற கணவனோடு ஒரே வீட்டில் இருப்பவள் என்ன செய்வாள்? 'மறு உத்தரவு' வராமலே போனால்? 'வேண்டும்' என்கிறதே, இல்லாவிட்டால் என்ன தண்டனை, அதை விதிப்பது யார்? எல்லாவற்றுக்கும் மேலே, இந்த உத்தரவைப் போட எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு அனுமதிக்கிறது? அதைத்தான் நான் எழுதவே இல்லை. மாணவர்களில் பாதிப் பேர் அதைக் கவனிக்காமல் மற்றதையெல்லாம் திருத்திக்கொண்டு வருவார்கள்.

சிலர் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். சிலர் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது வகையாக இருந்தால், பயப்படாமல் மேலே படியுங்கள்.

கொரோனாவைப் பார்த்து இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு மயக்கம் உண்டு. நீதிமன்றத்தில் நின்று மக்கள் உரிமைக்காக வாதாடுவதாகவே கற்பனை செய்துகொள்வார்கள். அதுவும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஜெயிக்க வேண்டுமானாலும் நோயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். 2014-இல் சியரா லியோனில் எபோலா நோயாளிகளைக் கவனித்துவிட்டு அமெரிக்கா திரும்பிய ஒரு செவிலியரை, நியூ ஜெர்சியில் இறங்கியதும் பிரித்து வைத்தார்கள். பிறகு அவர் மெய்ன் மாநிலத்துக்குப் போனதும், எபோலா அறிகுறி வெளிப்பட அதிகபட்சம் 21 நாள் ஆகலாம் என்பதைக் காட்டி, அதுவரை அவர் வீட்டோடு இருக்க வேண்டும் என்று அந்த மாநிலம் நீதிமன்றம் போனது. நீதிபதி அதை ஏற்கவில்லை. அறிகுறி இல்லாதவரிடமிருந்து எபோலா பரவாது, இவருக்கு அறிகுறி இல்லை. எனவே தினமும் உடல்நிலையைக் கண்காணித்தால் போதும், அடைத்து வைக்க வேண்டாம் என்றார். வழக்கின் முடிச்சு முழுக்க மருத்துவத்தில் இருந்தது. கொரோனா மாதிரி, அறிகுறி தெரியும் முன்பே பரவும் நோயாக இருந்திருந்தால் தீர்ப்பே வேறாகப் போயிருக்கலாம்.

தமிழில் நமக்கு ஒரு கூடுதல் தொல்லை. நோய் வந்தவரைப் பிரித்து வைப்பதும், வந்திருக்குமோ என்று சந்தேகப்படுபவரைப் பிரித்து வைப்பதும் சட்டத்தில் வேறு வேறு. செய்தித்தாள்கள் பெரும்பாலும் இரண்டையும் 'தனிமைப்படுத்தல்' என்றே எழுதிவிட்டன. மகள் இந்தத் துறைக்கு வந்தால் நல்ல சொல் ஒன்று கண்டுபிடிக்கட்டும்!

இன்னொரு பழைய கதையும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நியூயார்க்கில் மேரி மாலன் என்று ஒரு சமையல்காரர். உடம்பில் டைபாய்டு கிருமி இருந்தது, அவருக்கு ஒன்றும் செய்யவில்லை, ஆனால் அவர் சமைத்ததைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் வந்தது. 1907-இல் பிடித்து ஒரு தீவில் வைத்தார்கள். 1910-இல், இனி சமைக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். அவர் துணி துவைக்கும் வேலைக்குப் போனார். அதில் சமையலை விடக் கூலி குறைவு. 1915-இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் வேறு பெயரில் சமைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி அகப்பட்டார். 1938-இல் சாகும்வரை அதே தீவு. அவரைப் பிடிக்கச் சட்டம் இருந்தது. 'சமைக்காதே' என்று சொல்லப்பட்டவர் பிறகு எதை வைத்துப் பிழைப்பார் என்று அந்தச் சட்டம் யோசிக்கவில்லை. வீட்டில் இரு என்று உத்தரவு போடுகிறவர், அந்த வீட்டில் அடுப்பு எரியுமா என்றும் சேர்த்து எழுத வேண்டும். அப்படி எழுதாத உத்தரவு நடைமுறையில் நிற்காது என்பது என் கருத்து.

1897-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது பிரிட்டிஷ் ஆட்சி இயற்றிய தொற்றுநோய்ச் சட்டத்தையும் படிக்கச் சொல்லுங்கள். நாலே பிரிவு. சட்டத்தின் பெயரைச் சொல்ல ஒன்று, அதிகாரம் தருவதற்கு ஒன்று, மீறினால் தண்டனைக்கு ஒன்று, அதிகாரிமேல் வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்புக்கு ஒன்று. அடைத்து வைக்கப்பட்டவனுக்கு என்று எதுவும் இல்லை. 123 ஆண்டு கழித்து 2020-இல் இந்தியா கையில் எடுத்ததும் இதைத்தான். சுகாதாரப் பணியாளர்களைத் தாக்குவோருக்குத் தண்டனை என்று அவசரச் சட்டம் மூலம் ஒரு ஒட்டுப் போட்டார்கள். ஒரு பழைய சட்டத்தை முன்னால் வைத்து, 'இன்று எழுதினால் எப்படி எழுதுவாய்?' என்று கேட்பது நல்ல வீட்டுப்பாடம்.

உலக அளவில் என்று பார்த்தால், சர்வதேச சுகாதார விதிமுறைகள் என்று ஒன்று இருக்கிறது. 2005-இல் திருத்தி எழுதப்பட்டது, 196 தரப்புகள் அதற்குக் கட்டுப்பட்டவை. நாட்டில் ஏதாவது சந்தேகமான நோய்ப் பரவல் தென்பட்டால் 48 மணி நேரத்தில் அதை மதிப்பிட வேண்டும், உலகத்துக்கே ஆபத்தாகலாம் என்று பட்டால் அடுத்த 24 மணி நேரத்தில் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். படிக்கச் சுலபம். ஆனால் ஒரு கிராமத்து மருத்துவர் பார்த்த விஷயம் அந்த நேரத்துக்குள் தலைநகருக்கு எப்படிப் போய்ச் சேரும்? சொல்லக் கடமைப்பட்டவர் யார்? நோயாளியின் பெயரைச் சொல்லலாமா? இதையெல்லாம் ஒவ்வொரு நாடும் தன் உள்நாட்டுச் சட்டத்தில் எழுதியாக வேண்டும். 2024-இல் அந்த விதிமுறைகளில் செய்த திருத்தம் 2025 செப்டம்பர் 19 முதல் பெரும்பாலான நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. 'பெருந்தொற்று அவசரநிலை' என்று ஒரு புதிய படியையும் சேர்த்திருக்கிறார்கள். பெருந்தொற்று உடன்படிக்கை 2025 மே 20 அன்று உலக சுகாதாரப் பேரவையில் ஏற்கப்பட்டது. மூன்று ஆண்டுக்கு மேல் பேசிப் பேசி முடித்தது அது. இதற்கேற்பச் சொந்தச் சட்டங்களைத் திருத்த வேண்டிய நாடுகளுக்கெல்லாம் ஆள் வேண்டும். வேலை இருக்கிறதா என்று கேட்டீர்களே, இங்கே இருக்கிறது.

இனி நீங்கள் கேட்க விரும்பாததைச் சொல்கிறேன். 'பொதுச் சுகாதாரச் சட்ட வல்லுநர் தேவை' என்று வரும் விளம்பரங்கள் குறைவு. சுகாதாரத் துறையின் சட்டப் பிரிவு, சட்ட வரைவு அலுவலகம், பெரிய மருத்துவமனை, மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, காப்பீட்டு நிறுவனம், தொண்டு நிறுவனம் என்று வேறு வேறு பெயர்களில் ஒளிந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம், ரோமில் இருக்கும் சர்வதேச வளர்ச்சிச் சட்ட அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு ஆகியவற்றிலும் இந்த வேலை நடக்கிறது. ஆனால் படித்து முடித்த கையோடு அங்கே நுழைவது கடினம். பீதி இருக்கும்போது பணம் கொட்டும், பீதி அடங்கினால் திட்டத்தை மூடிவிடுவார்கள். ஒப்பந்த வேலைதான் அதிகம். ஒரு திட்டம் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க, கையில் வேறொரு தொழில் இருக்க வேண்டும்.

அதனால்தான் நான் சொல்வது: நேராக இந்தத் துறையின் முதுகலைக்குப் போக வேண்டாம். நிர்வாகச் சட்டத்தை நன்றாகப் படிக்கட்டும். அதுதான் இந்த வீட்டின் அஸ்திவாரம். அரசு எந்த எல்லைவரை உத்தரவிடலாம், நீதிமன்றம் எங்கே குறுக்கிடும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. பட்டம் வாங்கியதும் இரண்டு மூன்று ஆண்டு சாதாரண வழக்கறிஞர் அலுவலகத்தில் மனு எழுதட்டும், திட்டு வாங்கட்டும். அப்புறம் முதுகலை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் உலகச் சுகாதாரச் சட்டத்துக்கென்றே முதுகலை இருக்கிறது. சட்டத்தில் இன்னொரு பட்டம் வேண்டாம் என்றால் பொதுச் சுகாதார முதுகலை. எனக்கு இதுதான் பிடிக்கும். நோய்ப்பரவியல் பாடத்தில் உட்கார்ந்து எழுந்த வழக்கறிஞர்கள் மிகக் குறைவு. அந்த எபோலா வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்குக் காசு செலவில்லாமல் ஒன்று செய்யலாம். கொரோனாவுக்காக உலகம் முழுக்கப் போடப்பட்ட சட்டங்களையும் உத்தரவுகளையும் திரட்ட 'கோவிட்-19 லா லேப்' என்று ஓர் இணையத் தொகுப்பை 2020 ஜூலையில் தொடங்கினார்கள். அப்படித் திரட்டியதில் இரண்டு நாட்டு உத்தரவுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முடிவுத் தேதி எதில் இருக்கிறது, மேல்முறையீடு எதில் இருக்கிறது, விதிவிலக்கு யாருக்கு என்று பட்டியல் போடட்டும். சிராகுசா கோட்பாடுகள் என்று 1984-இல் எழுதப்பட்ட ஓர் ஆவணத்தையும் கூட வைத்துக்கொள்ளட்டும். உரிமையைக் கட்டுப்படுத்தும்போது அரசு எந்தெந்த நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லும்.

என் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொரோனாவுக்குச் சில ஆண்டு முன்னால் ஒரு மாணவன் இதே ஆசையோடு வந்தான். 'அதெல்லாம் ஒரு துறையா தம்பி, கம்பெனிச் சட்டம் படி' என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். அவன் நன்றாகத்தான் இருக்கிறான், என்மேல் வருத்தமும் இல்லை. ஆனால் அன்று எனக்கு இந்தத் துறையைப் பற்றி ஒரு எழுத்தும் தெரியாது. தெரியாது என்று சொல்லாமல் இல்லை என்று சொல்லிவிட்டேன். உங்கள் மகளுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேலே கொடுத்த ஒற்றை வாக்கிய உத்தரவை அவள் திருத்தி எழுதட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, படிப்பவருக்கு அகராதி தேவைப்படக் கூடாது. எழுதி முடித்ததும் முதலில் நீங்கள் படியுங்கள் அம்மா. உங்களுக்குப் புரியாத இடத்தில் ஒரு கோடு போட்டு எனக்கு அனுப்புங்கள்.