கேள்வி பதில்: 64 நாள், ஒரு கண்டம்

போன இதழில் ஒரு பந்தயத்தில் ஐரோப்பாவை ஓடியே கடந்தவர்கள் என்று ஒரு வரி எழுதப்போய், அதைப் பற்றியே இத்தனை கேள்விகள். சரி, இந்த இதழ் அவர்களுக்கே.

ஒரு வரியில் சொல்லிவிட்டு நழுவிவிட்டீர்களே! நிஜமாகவே ஓடியா போனார்கள்? நடுவில் பஸ் ஏறவில்லையே?
(வாசகர், திண்டுக்கல்)

பஸ் ஏறவில்லை, கப்பல் ஏறினார்கள். ஜெர்மனிக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே கடல் கிடக்கிறது, வேறு என்ன செய்வது. மற்றபடி எல்லாம் கால்தான். 2009 ஏப்ரல் 19 அன்று தெற்கு இத்தாலியில் பாரி என்ற துறைமுக நகரில் கிளம்பி, ஆஸ்திரியா, ஜெர்மனி, ஸ்வீடன், பின்லாந்து என்று வடக்கே ஏறி, ஜூன் 21 அன்று நார்வேயின் உச்சியில் உள்ள நார்ட்காப்பில் போய் நின்றார்கள். சுமார் 4,487 கி.மீ. 64 நாளில் ஓய்வு நாள் ஒன்றுகூடக் கிடையாது. வகுத்துப் பார்த்தால் தினமும் 70 கி.மீ., அதாவது கிட்டத்தட்ட சென்னையிலிருந்து காஞ்சிபுரம். இரவானால் ஏதாவது ஓர் ஊரின் விளையாட்டுக் கூடத்தில் தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். கிளம்பியவர்கள் 67 பேர், முடித்தவர்கள் 45 பேர். முதலில் வந்தவர் ஜெர்மனியின் ரைனர் கோக்.

அந்தக் குளிர்க்காற்றை இழுத்து இழுத்து ஓடினால் நுரையீரல் உறைந்துவிடாதா?
(வாசகி, நெய்வேலி)

உறையாது. மூக்கையும் தொண்டையையும் தாண்டி உள்ளே போவதற்குள் காற்று சூடாகிவிடும். குளிர்க்காற்றில் ஈரம் குறைவு என்பதால் மூச்சுக்குழாய் வறண்டு இறுகும், இளைப்பு உள்ளவர்களுக்கு அது பெரிய தொல்லை. வாயின் மேல் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டால் பாதி சரியாகும்.

நிஜமான எதிரி வியர்வை. ஒரு ஜனவரியில் ஊட்டியில் விடியற்காலை வீரமாகப் பருத்திப் பனியன் போட்டுக்கொண்டு ஓடினேன், ஓடும்வரை குளிரே தெரியவில்லை, உடம்பே அடுப்பு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. டீக்கடையில் நின்றேன், அவ்வளவுதான். நனைந்த பனியன் முதுகில் பனிக்கட்டிபோல ஒட்டிக்கொள்ள, கையில் இருந்த டீ கிளாஸ் ஆடிய ஆட்டத்தில் பாதி டீ தரையில். கடைக்காரர் பேசாமல் ஒரு நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டார். பருத்தி ஈரத்தைக் குடித்துவிட்டு விடவே விடாது. கம்பளியும் செயற்கை இழைத் துணியும் அப்படி இல்லை, அதனால்தான் இவர்கள் உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, மேலே இன்னொன்று, வெளியே காற்றுத் தடுக்கும் சட்டை என்று அடுக்கிக்கொள்வார்கள். கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் அரை மணியில் உள்ளே மழைதான்.

நுரையீரல் பயம் இன்னும் போகவில்லை என்றால் வேல்ஸைச் சேர்ந்த ரோஸி ஸ்வேல் போப்பை நினைத்துக்கொள்ளுங்கள். 2003-இல் தன் 57-ஆவது பிறந்த நாளன்று வீட்டை விட்டுக் கிளம்பி உலகத்தைச் சுற்றி ஓடி, 2008-இல் அதே வாசலுக்குத் திரும்பினார். நடுவில் சைபீரியா, அதுவும் குளிர்காலத்தில். சாமான் வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு.

எனக்கு 46 வயதிலேயே முட்டி தேய்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். இவர்கள் முட்டி என்ன கதி ஆகும்?
(வாசகர், மதுரை)

இதே சந்தேகம் ஜெர்மனி மருத்துவர்களுக்கும் வந்திருக்கிறது. அவர்கள் செய்த காரியம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்தது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை ஒரு லாரியில் ஏற்றி, ஓட்டக்காரர்கள் பின்னாலேயே கண்டம் முழுக்க ஓட்டிப் போனார்கள். ஓடி முடித்தவரை அப்படியே உள்ளே படுக்கவைத்துப் படம் எடுப்பார்கள். 44 பேர் சம்மதித்தார்கள்.

கணுக்கால், குதிகால் மூட்டுகளின் குருத்தெலும்பு ஓட்டத்தின் முதல் 1,500-2,500 கி.மீ. வரை சேதப்படுவதுபோலத் தெரிந்து, அதன் பிறகு ஓட்டத்தை நிறுத்தாமலேயே தேறிவர ஆரம்பித்தது! ஓய்வு கொடுத்தால்தான் ஆறும் என்று நினைத்தவர்களுக்கு அது அதிர்ச்சி. தொடை, கெண்டைக்கால் தசைகளின் வீக்கத்தோடும் பலர் ஓடி முடித்தார்கள். ஆனால் இவர்கள் பல வருடம் ஓடி ஓடிச் சலித்தெடுத்த ஆட்கள், மூட்டு தாங்காதவர்கள் எல்லாம் எப்போதோ விலகியிருப்பார்கள். ஆகவே இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் வாதாடாதீர்கள்.

மூளை சுருங்கிவிடும் என்று படித்தேனே?
(அதே வாசகர், பின்குறிப்பில்)

சுருங்கியது, 6 சதவீதம் அளவுக்கு. வயதானால் வருடத்துக்குச் சுருங்குவது 0.2 சதவீதம்தான் என்று வைத்துப் பார்த்தால் பயங்கரம். ஆனால் காயம் ஒன்றும் இல்லை. எட்டு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது.

எது ரொம்பக் கஷ்டம்? குளிரா, தூரமா?
(வாசகி, சேலம்)

மறுநாள் காலை. 70 கி.மீ. ஓடுவதற்குப் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம், 70 ஓடிய கால்களை வைத்துக்கொண்டு ஐந்து மணிக்கு எழுந்து இன்னொரு 70-க்கு ஷூ மாட்டுவதற்கு என்ன பயிற்சி இருக்கிறது. ஷூவும் முதலில் நுழையாது, பாதம் வீங்கியிருக்கும். அதனால் பல நாள் ஓட்டக்காரர்கள் அளவு பெரியதாக வாங்கிவைத்துக்கொள்வார்கள், அதுவும் பற்றாவிட்டால் விரல் வரும் இடத்தைக் கத்தியால் வெட்டி எடுத்துவிடுவார்கள். புது ஷூவை வெட்ட மனசு வருமா என்று கேட்காதீர்கள், கட்டைவிரல் நகம் கறுத்தவனுக்கு வரும்.

வடக்கே போகப் போக இன்னொரு வம்பு: மே பாதிக்கு மேல் நார்ட்காப்பில் சூரியன் மறைவதே இல்லை. படுத்தால் வெளிச்சம், எழுந்தால் வெளிச்சம். கடைசியில் நார்ட்காப் இருக்கும் தீவுக்குப் போகும் ஒரே சாலை கடலுக்கு அடியில், 212 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் கிட்டத்தட்ட 7 கி.மீ. சுரங்கப்பாதை. இறங்குவது அத்தனையும் மறுபக்கம் ஏற வேண்டும்.

இவ்வளவு ஓடினால் பரிசு எவ்வளவு?
(வாசகர், கும்பகோணம்)

இந்தப் பந்தயத்தில் கைக்காசைக் கட்டணமாகக் கட்டித்தான் ஓடினார்கள். காசுக்காக ஓடியது 1928-இல், அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் வரை. 199 பேர் கிளம்பி 55 பேர் முடித்தார்கள், 84 நாள். ஜெயித்தவர் ஆண்டி பெய்ன், ஓக்லஹோமாவில் ஒரு விவசாயியின் மகன், 20 வயது. பரிசு 25,000 டாலர். அடமானத்தில் இருந்த அப்பாவின் நிலத்தை மீட்டுவிட்டார்.