கால்சியம் 7.2 என்றால் உடனே ஏற்ற வேண்டுமா?

வெள்ளக்கோவில் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்கு 68 வயசுங்க. நிமோனியாவுக்காக ஈரோட்டில் ஆறு நாளாக ஐசியூவில் இருக்கிறார். மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. ரிப்போர்ட்டில் கால்சியம் 7.2 என்று இருக்கிறது. டாக்டர் 'பார்த்துக்கலாம்' என்கிறார். எங்கள் கட்டுத்தரையில் கன்று போட்ட மாடு எழமுடியாமல் படுத்துவிட்டால், ஒரு பாட்டில் கால்சியம் ஏற்றியதும் எழுந்துவிடுகிறதே! அப்பாவுக்கு ஏன் ஏற்றுவதில்லை? ராகிக்கூழாவது கொடுக்கலாமா?"

மாட்டிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு வருவது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்திருக்கும். சீம்பாலுக்குக் கால்சியம் மொத்தமாக இழுபட்டு, ரத்தத்தில் நிஜமாகவே வற்றிப்போகிறது. ஏற்றினால் எழுகிறது.

உங்கள் அப்பா கதை வேறு. ரத்தக் கால்சியத்தில் ஏறக்குறைய பாதி, ஆல்புமின் போன்ற புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றுவது. நரம்பும் இதயமும் பயன்படுத்துவது தனித்துத் திரியும் மீதியைத்தான். கடும் தொற்றில் ஆல்புமின் குறையும். அப்போது ஒட்டியிருந்த பங்கும் குறைந்து, மொத்தக் கணக்கு தாழ்ந்து தெரியும். அதே ரிப்போர்ட்டில் ஆல்புமின் வரியைப் பாருங்கள். 2.1 இருப்பதாக வைத்துக்கொள்வோம். 4-இலிருந்து அதைக் கழித்தால் 1.9, அதை 0.8-ஆல் பெருக்கினால் சுமார் 1.5. 7.2-உடன் கூட்டினால் 8.7. வழக்கமான அளவு 8.5 முதல் 10.5 வரை. சரியாகத்தானே இருக்கிறது?

ஆனால் ஐசியூ நோயாளிக்கு இந்தக் கணக்கை முழுசாக நம்ப முடியாது. மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் 'ஏபிஜி' சோதனையில் பெரும்பாலும் அயனைஸ்டு கால்சியமும், அதாவது அந்தத் தனித்துத் திரியும் பங்கும் வரும். அது (mmol/L என்ற வேறு அலகில்) 1.1 முதல் 1.3 வரை இருந்தால் போதும். டாக்டரிடம் "அயனைஸ்டு எவ்வளவுங்க, மெக்னீசியம் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். மெக்னீசியம் குறைந்திருந்தால் கால்சியம் எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது.

நிஜமாகவே குறைந்தால் உடம்பு சொல்லிவிடும். உதட்டோரம் மதமதப்பு, தசைப்பிடிப்பு, வலிப்பு, ஈசிஜியில் மாற்றம். பிரஷர் பட்டையை இறுக்கி மூன்று நிமிடம் வைத்தால், கன்றை இழுக்கக் கை நுழைக்கும் மாட்டு டாக்டரின் கைபோல விரல்கள் குவிந்துகொள்ளும். செப்சிஸ் (உடம்பு முழுவதையும் பாதிக்கும் கடும் தொற்று), கணைய அழற்சி, சிறுநீரகச் செயலிழப்பு, நிறைய ரத்தம் ஏற்றியது என்று காரணங்கள் பல. அப்போது ஊசி கொடுத்தே ஆக வேண்டும், மெதுவாக, இதயத்துடிப்பைக் கவனித்துக்கொண்டே. வேகமாகப் போனால் துடிப்பு தடுமாறும். ரத்தக்குழாயை விட்டு மருந்து வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையே கெட்டுவிடும். தேவையில்லாதவருக்கு அந்த ஆபத்து எதற்கு?

இன்னொன்று. அப்பா முழங்கால் வலிக்கென்று வைட்டமின் டி ஊசியோ கால்சியம் மாத்திரையோ எடுத்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அடிக்கடி டி ஊசி போட்டுக்கொண்டு கால்சியம் எகிறிப்போவதும் உண்டு. எகிறினால் தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், மனக்குழப்பம். புற்றுநோயிலும் பாராதைராய்டு (கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் கழுத்துச் சுரப்பி) கோளாறிலும் அப்படி ஏறும்.

ராகிக்கூழ் இப்போது வேண்டாம். மூக்குக் குழாயில் வீட்டுக் கூழ் அடைத்துக்கொள்ளும். வார்டுக்கு மாறி, நன்றாக விழுங்குகிறார் என்று டாக்டர் சொன்னதும், தண்ணீராகக் கரைத்து ஒரு டம்ளரில் ஆரம்பியுங்கள்.