அழகான சின்ன மிரர்லெஸ் கேமரா வாங்கினால் படத்தின் தரம் குறையுமா?

எஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஒளியை வியூஃபைண்டருக்கு (கண் வைத்துப் பார்க்கும் துளை) திருப்பிவிட ஒரு கண்ணாடி இருக்கும். அது இல்லாததுதான் மிரர்லெஸ். கண்ணாடிக்கான இடம் மிச்சமாவதால் உடல் மெலிகிறது.

படத்தின் தரத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் சென்சாரும் (ஒளியைப் பதிவு செய்யும் பகுதி) லென்ஸும்தான். நிக்கானின் இசட் எஃப்சி (2021) பழைய பிலிம் கேமரா போலவே இருக்கும், பார்த்தாலே கை நீளும். உள்ளே இருப்பதோ நிக்கானின் இன்னொரு மிரர்லெஸ்ஸான இசட்50-இன் (2019) அதே 20.9 மெகாபிக்சல் சென்சார்.

அப்படியானால் அழகுக்கு என்ன விலை? கைப்பிடி. இசட்50-இல் விரல்கள் மடங்கிப் பிடிக்க நல்ல மேடு உண்டு, இசட் எஃப்சியின் முன்பக்கம் கிட்டத்தட்ட தட்டை. ஒரே எஞ்சின் உள்ள இரண்டு மோட்டார் சைக்கிளில் ஒன்றின் சீட் பலகை மாதிரி என்று வையுங்கள். பினாங்கிலிருந்து பக்கத்துப் பட்டர்வொர்த் போய் வந்தால் வலி தெரியாது, தூரத்து ஈப்போ வரை ஓட்டினால் முதுகு சொல்லும். பினாங்கு தைப்பூசத்தில் கனமான லென்ஸோடு இரவெல்லாம் நிற்பவருக்கு நான் இசட்50-ஐத்தான் சொல்வேன். லிட்டில் இந்தியாவில் சும்மா சுற்றிப் படம் எடுக்க அழகானதே போதும், ஆசையாக வெளியே எடுத்துப் போவீர்கள் பாருங்கள்.

அப்புறம், உடல் சின்னதென்றால் சென்சாரும் சின்னது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த இரண்டிலும் அது சுமார் 23.5 × 15.7 மி.மீ., பல பருமனான எஸ்எல்ஆர்களில் இருப்பதும் ஏறக்குறைய அதே அளவுதான்.