ஃபெரிட்டின் கூடியிருக்கிறது, எதை நிறுத்துவது? – கேள்வி பதில்

கல்லீரல் பிரிவில் உணவு ஆலோசகராக 17 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். கல்லீரலில் கோளாறு, கூடவே இரும்பும் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தவர்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். மருந்து சொல்வது என் வேலை இல்லை. அந்த இடம் வந்தால் மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

கோவை: வயது 44, எடை 84 கிலோ, ஃபேட்டி லிவர். ஃபெரிட்டின் 620. கீரை, பேரீச்சை, முட்டை, மீன் எல்லாம் நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. இப்போது 590. இன்னும் எதை நிறுத்துவது மேடம்?

எதையும் நிறுத்தாதீர்கள் ஐயா. நிறுத்தியதில் பாதியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

ஃபெரிட்டின் என்பது இரும்பு அல்ல, இரும்பைச் சேர்த்து வைக்கும் புரதம். உள்ளே நெல் இருக்கிறதா என்று பார்க்காமல் நெற்குதிர்களை மட்டும் எண்ணுவது போலத்தான் அந்தப் பரிசோதனை. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஃபெரிட்டின் ஏறும். கொழுப்புக் கல்லீரல், மது, சர்க்கரை நோய், ஏதாவது கிருமித் தொற்று என எதுவும் காரணமாகலாம். அதனால் இரண்டாவது எண் ஒன்றைப் பார்க்க வேண்டும்: டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு. சீரம் அயர்னை (ரத்தத்தில் ஓடும் இரும்பு) டிஐபிசியால் (ரத்தம் மொத்தம் சுமக்கக்கூடிய இரும்பு) வகுத்து 100-ஆல் பெருக்கினால் வரும். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் சீரம் அயர்ன் 84, டிஐபிசி 320. அதாவது 26 சதவீதம். 45-ஐத் தாண்டினால்தான் இரும்பு உண்மையிலேயே நிரம்பி வழிகிறதா என்று தேட ஆரம்பிப்பார்கள். உங்களுக்கு அழுவது கல்லீரல், இரும்பு அல்ல.

சாப்பாட்டை வெட்டியும் எண் ஏன் இறங்கவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு உள்ளே போவது 1 அல்லது 2 மில்லிகிராம். தோலும் குடல் செல்களும் உதிர்வதில் அதே அளவு வெளியே போகிறது. மிஞ்சியதை வெளியே தள்ள உடம்புக்குத் தனி வழி கிடையாது. அப்படியிருக்க, கீரையை நிறுத்தி மூன்று மாதத்தில் கிடங்கைக் காலி செய்ய முடியாது.

உங்களுக்கு வேலை செய்யப்போவது எடை. இப்போதைய எடையில் 7 முதல் 10 சதவீதம், அதாவது 6 முதல் 8 கிலோ, மெதுவாகக் குறையட்டும். சர்க்கரை போட்ட பானங்கள், இரவில் தட்டு நிறைய வெள்ளைச் சோறு, பேக்கரி சாமான்கள்: வெட்ட வேண்டியது இவற்றை. முட்டையும் மீனும் பருப்பும் திரும்பி வரட்டும்.

தஞ்சாவூர்: அப்பாவுக்கு சிரோசிஸ், கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிவிட்டது. சாச்சுரேஷன் 62 என்று வந்திருக்கிறது. ரத்தம் எடுத்துவிட்டால் இரும்பு குறையுமாமே, ரத்த வங்கியில் தானம் கொடுக்கலாமா?

கூடாது தம்பி. கல்லீரல் நோய் உள்ளவரிடம் ரத்த வங்கி தானமும் வாங்காது.

ரத்தம் எடுப்பது உண்மையான சிகிச்சைதான், ஆனால் அது ஹீமோகுரோமடோசிஸ் என்ற, உடம்பில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் பரம்பரை நோய்க்கானது. 500 மில்லி எடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகும். அந்த நோய்க்குக் காரணமான எச்எஃப்இ மரபணுவை 1996-இல் கண்டுபிடித்தார்கள். அதன் முக்கியமான மாற்றம் வட ஐரோப்பிய வம்சாவளியில் சகஜம், நம் மக்களிடம் அரிது. இணையத்தில் படிக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை அவர்களுக்காக எழுதப்பட்டவை.

அப்பாவின் 62 வேறு காரணத்தாலும் வரலாம். இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினைச் செய்வதே கல்லீரல். அது சுருங்கினால் வண்டிகள் குறையும். இருக்கிற சரக்கு அதேதான், ஆனால் இருக்கும் வண்டியெல்லாம் நிறைந்து தெரியும். எனவே எம்ஆர்ஐயில் கல்லீரலின் இரும்பை அளக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிரோசிஸில் பலருக்கு ஹீமோகுளோபின் ஏற்கெனவே குறைவாக இருக்கும், உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கும். அந்த உடம்பிலிருந்து ரத்தம் எடுப்பதைக் கல்லீரல் மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

சாப்பாட்டில் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். இரும்பு என்று பயந்து அவருடைய புரதத்தைக் குறைக்காதீர்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் அவருக்குத் தேவை. படுக்கும் முன் ஏதாவது சாப்பிட வேண்டும், ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தால் உடம்பு தசையைக் கரைத்துத் தின்னும். ஃபெரிட்டினைக் குறைக்கிறேன் என்று கஞ்சியும் ரசமுமாக ஆறு மாதம் இருந்துவிட்டு, தொடை எலும்பாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் தேற்றுவது இரும்பைக் குறைப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

நாகர்கோவில்: சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு சேராதாமே?

கீரை, பருப்பு, தானியத்தில் இருக்கும் இரும்பு குறைவாகத்தான் சேரும். கறி, ஈரலில் உள்ள இரும்பை டீ அவ்வளவாகத் தடுக்காது. சர்க்கரை இல்லாமல் குடியுங்கள். காபி குடிப்பவர்களின் கல்லீரலில் தழும்பு குறைவாக இருப்பதாகவும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

திண்டுக்கல்: முருங்கைக்கீரை சாப்பிடலாமா?

சாப்பிடலாம்.

வேலூர்: சித்த மருந்து எடுக்கிறேன், பக்கவிளைவு இல்லை என்கிறார்கள். இரும்பு ஏன் ஏறுகிறது?

அம்மா, அந்த மருந்தின் பெயரைப் பாருங்கள். அயச்செந்தூரம் என்றால் அயம், இரும்பு. அன்னபேதிச் செந்தூரம் இரும்பு சல்பேட்டிலிருந்து செய்வது. மண்டூரம் என்பது துருவேறிய இரும்புக் கிட்டம். சோகைக்கும் காமாலைக்கும் காலங்காலமாகக் கொடுத்து வருவது இவைதான். சோகைக்குச் சரி. இரும்பு கூடிய கல்லீரலுக்கு இது வேண்டாத சுமை. கொடுத்த வைத்தியரிடமே ரிப்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். சத்து டானிக், மல்டிவைட்டமின் பாட்டில்களிலும் இரும்பு இருக்கும், லேபிளைப் படியுங்கள். மஞ்சள் மாத்திரை, சீந்தில் மாத்திரையும் வேண்டாம், இரண்டாலும் கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு. குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை.

சேலம்: ரேஷன் அரிசியில் இரும்பு கலக்கிறார்கள். ஃபேட்டி லிவர் என்பதால் மிதக்கிற பிளாஸ்டிக் அரிசியைப் பொறுக்கி எறிகிறேன். சரிதானே?

அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் பிழிந்தது. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலக்கிறார்கள். கலந்த அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு. 200 கிராம் அரிசி பொங்கினால் 5.6 முதல் 8.5 மில்லிகிராம் வரை வரும், அதில் உடம்பில் சேர்வது சிறு பகுதி. சாச்சுரேஷன் சரியாக இருக்கும் ஃபேட்டி லிவர்காரர் பயப்பட வேண்டாம். தலசீமியா (அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிவரும் பரம்பரை ரத்த நோய்), ஹீமோகுரோமடோசிஸ் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

சேலம், மறுபடியும்: தவிர்க்கச் சொல்வது சுலபம். கடையில் அரிசி வாங்க வசதியில்லாத தலசீமியாக் குழந்தையின் வீட்டில் என்ன செய்வார்கள்?

விழுப்புரம், கிராம சுகாதாரச் செவிலியர்: மேடம், நீங்கள் இப்படி எழுதினால் என்னிடம் வரும் கர்ப்பிணிகளும் அரிசியைப் பொறுக்கி எறிவார்கள். இரும்பு மாத்திரையையே முழுங்க வைக்க முடியவில்லை.

இதை நின்று பேச வேண்டும். செவிலியர் சொல்வது முழு உண்மை: 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு ரத்தசோகை. கர்ப்பிணிகளே, அந்த அரிசியைச் சாப்பிடுங்கள், மாத்திரையையும் விடாதீர்கள்.

சேலத்துக்காரர் கேட்டதும் நியாயம். 2018 விதிகளின்படி மூட்டையின் மேல் தலசீமியா உள்ளவர்களுக்கான எச்சரிக்கை வாசகம் இருந்தது, பிறகு அதை எடுத்துவிட்டார்கள். இருந்தபோதும் மூட்டையை யார் பார்த்தார்கள்? நம் பையில் விழுவது அளந்து போட்ட அரிசி. அந்தக் குடும்பங்களுக்குச் சாதாரண அரிசி தனியாகக் கிடைக்க வழி வேண்டும் என்பதுதான் என் கருத்து. அதுவரை, குழந்தைக்கு ரத்தம் ஏற்றும் மருத்துவமனையில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஏற்றும் ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது, அந்தக் கணக்கோடு சேர்த்து அவர்கள் பார்ப்பார்கள்.

கரூர்: முருங்கைக்கீரை கூடாதுதானே?

திண்டுக்கல்காரருக்குச் சொன்னதுதான். கீரை பற்றி இன்னும் ஒன்பது கேள்வி இருக்கிறது, எல்லாருக்கும் சேர்த்து: கீரையின் இரும்பு குறைவாகவே சேரும், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஈரலையும் ரத்தப் பொரியலையும் விடுங்கள்.

சென்னை: வைட்டமின் சி மாத்திரை?

வேண்டாம், இரும்பை இழுத்துச் சேர்க்கும். நெல்லிக்காய், கொய்யா பழமாகச் சாப்பிடலாம்.

தூத்துக்குடி: கடல் தொழில், சிரோசிஸ். மட்டி, சிப்பி சாப்பிடலாமா?

நன்றாக வேகவைத்தால் சாப்பிடலாம். பச்சையாக ஒருபோதும் வேண்டாம். கடலில் இருக்கும் ஒரு விப்ரியோ கிருமிக்கு இரும்பு நிறைந்த, நோயுள்ள கல்லீரல் என்றால் கொண்டாட்டம், ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகும். அது புண் வழியாகவும் நுழையும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் கடல் தண்ணீரில் இறங்காதீர்கள் அண்ணே. இறங்கிய பிறகு கால் வீங்கிச் சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஓசூர்: இரும்பை வெளியேற்றும் டெஃபெராசிராக்ஸ் மாத்திரை ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் செயலிழக்க வைக்கலாம், குடலில் ரத்தம் கசியலாம் என்ற கடும் எச்சரிக்கை உள்ள மருந்து. மருத்துவர் கண்காணிப்பில் மட்டும்.

திருநெல்வேலி: மகனுக்கு வில்சன் நோய்.

அது இரும்பு இல்லை, உடம்பில் செம்பு சேரும் நோய், வேறு உணவுமுறை. கல்லீரல் மருத்துவரையே கேளுங்கள்.

புதுச்சேரி: வாரத்துக்கு ஒரு பீர் மட்டும்?

கல்லீரல் நோய் இருந்தால் அதுவும் வேண்டாம். குடலில் இரும்பு நுழைவதைத் தடுக்கும் ஹெப்சிடினைக் கல்லீரல்தான் சுரக்கிறது, மது அதைக் குறைத்துவிடும். குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே ஃபெரிட்டின் இறங்கியதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

கோவை, மறுபடியும்: அப்படியென்றால் நாளைக்கு முட்டை சாப்பிடலாமா மேடம்?

சாப்பிடுங்கள் ஐயா. காலையில் ஒன்று, வேகவைத்து. சாயங்காலம் 40 நிமிடம் நடங்கள். மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினோடு எடையையும் எழுதி அனுப்புங்கள்.