மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்காதீர்கள்

கேள்வி: வயது 47. பர்கூரில் ஜவுளிக்கடையில் வேலை. நான்கு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் மாதாமாதம் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. அப்பாவுக்குச் சர்க்கரையால் ஒரு கால் போய்விட்டது. அந்தப் பயத்தில் யூடியூப் பார்த்து 16 மணி நேர விரதம், விடியற்காலை நடை, சோற்றுக்குப் பதில் ராகிக் களி, சிறுகுறிஞ்சான் பொடி என்று ஆரம்பித்தேன். மூன்று வாரம் தாங்கவில்லை. காலை பத்து மணிக்குள் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, பசி பிடுங்குகிறது. லட்டு வாங்கித் தின்றுவிடுகிறேன். திரும்ப ஆரம்பித்தாலும் இதே கதைதான். முட்டியில் சத்தம், கழுத்தில் கருமை, மாம்பழ ஆசை வேறு. எனக்குக் கட்டுப்பாடே இல்லையா? நானும் அப்பாவைப் போல ஆகிவிடுவேனோ?

பதில்: உங்கள் கட்டுப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பத்து மணி நடுக்கம் பெரும்பாலும் தாழ்சர்க்கரை, அதாவது இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிப்போவது. லட்டு தின்னச் சொல்லி உங்கள் மூளை கெஞ்சியிருக்கிறது. நீங்களும் தின்று உயிரைக் காப்பாற்றிக்கொண்டீர்கள். அதற்காகக் குற்றவுணர்ச்சி வேண்டாம். ஆனால் இனி ஒரு நாள்கூட இது நடக்கக் கூடாது.

காரணத்தைச் சொல்கிறேன். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. எழுந்ததும் அதை விழுங்கி, வெறும் வயிற்றோடு நடந்து, பதினொரு மணி வரை பச்சைத் தண்ணீரோடு இருந்தால் இரத்தச் சர்க்கரை எங்கே நிற்கும்? நடையில் வேலை செய்த தசைகள் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். போதாததற்குச் சிறுகுறிஞ்சான் பொடியும் தன் பங்குக்குக் குறைக்கும். விரத வீடியோ போடுகிறவருக்கு நீங்கள் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று தெரியுமா? தெரியாதவர் பேச்சைக் கேட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பாட்டு நேரத்தையே மாற்றியிருக்கிறீர்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்றே விரதத்தை நிறுத்துங்கள். பொடியையும் நிறுத்துங்கள். கிளிமிபிரைடைக் காலைச் சாப்பாட்டோடு சேர்த்தே போடுங்கள். சாப்பாடு இல்லாத வேளையில் அந்த மாத்திரை கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இப்படித் தாழ்சர்க்கரை வருவது அபூர்வம்.

அடுத்த முறை நடுக்கம் வந்தால், கையில் குளுக்கோமீட்டர் இருந்தால் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் சந்தேகமே இல்லை. மீட்டர் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். லட்டில் நெய் இருப்பதால் அதிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் சேரத் தாமதமாகும். 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடி 3 டீஸ்பூன். சரியானதும் இட்லியோ சோறோ சாப்பிட்டுவிட வேண்டும், ஏனென்றால் இந்த மாத்திரையின் வேகம் சீக்கிரம் அடங்காது. இராத்திரி வேர்த்து எழுவதும், கெட்ட கனவும், காலையில் தலைவலியும்கூட இதனால் வரலாம். கடையில் கூட இருப்பவர் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்: உங்கள் பேச்சு குழறினால் சர்க்கரைத் தண்ணீர், மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108.

இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாத்திரை வீடு தேடி வருவது பெரிய உதவி, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அதற்காக டாக்டர் பக்கமே போகாமல் இருந்துவிடக் கூடாது. நடை கூடி, சாப்பாடு குறைந்தால் மாத்திரை அளவும் குறைய வேண்டியிருக்கும். மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி பார்த்து, சிறுநீரகப் பரிசோதனையும் செய்து, அளவை அவர் முடிவு செய்யட்டும். நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைக்க வேண்டாம்.

அப்புறம் பாருங்கள், உங்களால் நடையைத் தொடர முடியும். ஐந்து மணி நடையை மறந்துவிடுங்கள். காலை டிபன் முடித்து 15 நிமிடம், கடையில் மதியச் சாப்பாடு முடித்து 15 நிமிடம். வாரத்தில் ஐந்து நாள் இப்படி நடந்தால் 150 நிமிடம் ஆகிவிடும். சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரைக்கு அந்த நடைதான் நல்ல மருந்து. நாள் முழுக்கக் கடையில் நிற்பது கால்வலியைத் தரும், நடையின் பலனைத் தராது.

ராகிக் களி நம் ஊர்ச் சாப்பாடு, சுண்ணாம்புச் சத்து நிறைந்தது. ஆனால் மாவுச்சத்தில் அரிசிக்குச் சளைத்ததில்லை. இரண்டு பெரிய உருண்டை தின்றுவிட்டு, சோற்றைத்தான் விட்டேனே என்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஒரு சின்ன உருண்டை போதும். கூடவே கொள்ளுக் கடைசலோ, கீரையோ, அவரைக்கொட்டைக் குழம்போ தாராளமாக இருக்கட்டும். முதல் மாதம் இந்த நடையும் இந்தத் தட்டும் மட்டும் போதும், வேறு எதையும் மாற்றாதீர்கள்.

மாம்பழம்? சீசனில் இரண்டு துண்டு தின்னலாம், அன்றைக்குச் சோற்றில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. ஜூஸ் கூடாது. முட்டியில் வலியும் வீக்கமும் இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் ஒன்றுமில்லை. கழுத்துக் கருமை எடை குறைந்தால் மங்கும், அதற்குக் கிரீம் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள்.

கடைசியாக, அப்பா. சர்க்கரையில் கால் போவது பெரும்பாலும் மரத்துப்போன காலில் கவனிக்காமல் விட்ட ஒரு சின்னப் புண்ணில்தான் தொடங்குகிறது. அது ஒரே நாளில் வருவதில்லை. தடுக்க நிறைய நேரம் உண்டு. டாக்டரிடம் போகும்போது, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்க்கும் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வருடம் ஒரு முறையாவது அது அவசியம். வெறுங்காலோடு நடக்காதீர்கள். தினமும் இராத்திரி உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். கொப்புளமோ வெடிப்போ தெரிந்தால் கத்தரியும் பிளேடும் வைக்காமல் மறுநாளே காட்டுங்கள்.