கேண்டிடேட்: சாக்கட்டி தேய்த்த வெள்ளை

வேட்பாளரைக் குறிக்கும் ‘கேண்டிடேட்’ வெள்ளை நிறத்திலிருந்து வந்த சொல் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். வந்த கேள்விகளும் பதில்களும் இதோ.

வேட்பாளருக்கும் வெள்ளைக்கும் என்ன சம்பந்தம் சார்?

உடைதான். பழைய ரோமில் பதவிக்கு நிற்பவர், தோகா என்ற கம்பளி மேலாடையில் சாக்கட்டித் தூளைத் தேய்த்துக்கொண்டு ஓட்டுக் கேட்கப் போவார். கம்பளியின் இயல்பான நிறம் மங்கல். தூள் ஏறினால் கூட்டத்தில் பளிச்சென்று தெரியும். ‘கந்திதுஸ்’ என்றால் பளீர் வெள்ளை, ‘கந்திதாத்துஸ்’ அதை உடுத்தியவர்.

கி.மு. 432இல் இதற்குத் தடையே போட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். இப்போது அற்ப விஷயமாகத் தோன்றும், அன்று மேட்டுக்குடிக்கும் பொதுமக்களுக்கும் பெரிய சண்டையே மூண்டது என்றும் சொல்கிறார். தடை நிலைத்ததா என்ன? கி.மு. 64இல் ரோமின் உச்சப் பதவியான கான்சலுக்கு நின்ற பேச்சாளர் சிசரோ, எதிராளிகளைக் கிழித்த உரைக்குப் பெயரே ‘வெள்ளைத் தோகாவில் ஆற்றிய உரை’.

லத்தீனில் வெள்ளைக்கு ‘அல்புஸ்’ என்றல்லவா படித்தேன்?

அல்புஸ் சாதா வெள்ளை. அறிவிப்பு எழுத வெள்ளையடித்து வைத்த பலகைதான் ‘ஆல்பம்’. வாயில் வெள்ளை படிய வைக்கும் பூஞ்சைக்கு ‘கேண்டிடா அல்பிகான்ஸ்’ என்று பெயர் வைத்தவர் இரண்டு வெள்ளையையும் சேர்த்துவிட்டார். நம் ‘கேட்டு வாசல்’ கணக்குத்தான்!

மிட்டாய் ‘கேண்டி’யும் இதே குடும்பமா அண்ணா?

இல்லை தம்பி, ஒலி மட்டும்தான் ஒன்று. அது பாரசீகம், அரபு, பிரெஞ்சு எல்லாம் சுற்றி ஆங்கிலத்துக்குப் போனது. நம் கற்கண்டில் இருக்கிற ‘கண்டு’வுக்குச் சொந்தம். மெழுகுவத்தி ‘கேண்டில்’ கேண்டிடேட் குடும்பம்தான். சமஸ்கிருதச் ‘சந்திர’னும் தூரத்து உறவு, எல்லாவற்றுக்கும் வேர், ஒளிர்தல்.

ஒளிவுமறைவில்லாத என்ற பொருளில் ‘கேண்டிட்’ என்கிறோமே?

அதே சொல்தான். நாமும் ‘வெள்ளை மனசு’ என்கிறோமே.

வெள்ளை உடுத்தினவர்கள் எல்லாம் யோக்கியர்களா?

அப்படியா கேட்கிறீர்கள்! ‘ஆம்பிஷன்’ என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ஓட்டுக்காகச் சுற்றி அலைவது என்று பொருள். அப்படி அலைகிற வேட்பாளர் கூடவே ஒரு அடிமை வருவான்; எதிரே வருபவரின் பெயரைக் காதில் ஓதுவது அவன் வேலை. ஆம்பிஷனின் அதே வேரில் ‘அம்பிதுஸ்’ என்றொரு சொல்: காசு கொடுத்து ஓட்டு வாங்குவது போன்ற தேர்தல் குற்றம். கி.மு. 63இல் கான்சலான சிசரோ, அதற்கு 10 ஆண்டு நாடு கடத்தல் என்று சட்டம் போட்டார். அதே ஆண்டு அந்தக் குற்றச்சாட்டில் மாட்டிய, அடுத்த கான்சலாகத் தேர்வாகியிருந்த முரேனாவுக்காக வாதாடி, விடுதலை வாங்கிக் கொடுத்தவரும் அவரேதான்.